சீட்டுக்குள் வைத்த சீட்டு

செக்கிங் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது என்னைக் கேட்டால், நேரத்துக்கு வேலைக்கு வருவாள் என்று சொல்லுவேன். மிச்சத்துக்கு நான் எங்கே போவது?

சட்டை தைக்கிற கம்பெனி எங்களுடையது. தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். தலைக்கு மேலே டியூப்லைட், கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள். எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்பை ஒட்டி, சட்டையை இடது பக்கத் தொட்டியில் வீசுவாள். குறை இல்லாதது வலது பக்கம் என்னிடம் வரும். நான் பேக்கிங். மடித்துப் பையில் போடுவது என் வேலை. அதனால் நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பாக்கியம் எனக்கு. அம்பு ஒட்டும்போது அந்த முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அடேயப்பா, பசித்தவள் சாப்பாட்டில் கை வைத்த மாதிரி இருக்கும். குறை இல்லாத சட்டைக்கு "ம்" என்பாள். அதற்கு மேல் ஒரு எழுத்து அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

கம்பெனியோடு விட்டாளா? சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாலும் ஜன்னல் திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். "தையலைக் காட்டு, தைச்ச கை யாருதுன்னு சொல்றேன்" என்று அடிக்கடி பீற்றிக்கொள்வாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற மனுஷர். அந்த வீட்டில் பேச்செல்லாம் ஒரே வாயிலிருந்துதான்.

இவ்வளவு பெரிய மகாராணிக்கு ஒரே ஒரு குறை உண்டு. தங்கச்சி.

அம்மா இல்லாத வீட்டில் அந்தப் பெண்ணுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரிவிட்டது, ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் இவள்தான். அதை நான் மறுக்கவில்லை. கம்பெனியில் காலர் தைக்கிற வரிசையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான். ஆனால் வரிசையில் ரெண்டு பேர், "அவளுக்கென்ன, செக்கிங்ல அக்கா இருக்கா" என்று முணுமுணுத்தது இவள் காதில் விழுந்துவிட்டது. விழுந்ததா, ஊர் வாயை மூட வேண்டுமே! தங்கச்சி தைத்த காலர் எதைக் கண்டாலும் அம்பு. எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கிப் பிடித்து அம்பு. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொள் என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்.

போகிற அன்று அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. தன் கடைசிக் காலரில் இருந்த அம்பை உரித்தாள், அக்காவின் தோளில் ஒட்டினாள், போய்விட்டாள். அந்த அம்போடுதான் இவள் சாயங்காலம் வரை உட்கார்ந்து வேலை பார்த்தாள். எங்களில் ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்வதற்கு மனசு வர வேண்டாமா?

அதற்குப் பிறகு தங்கச்சி வேறு ஊருக்குப் போய்விட்டாள். பேச்சு வார்த்தை இல்லை. இவள் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து அந்த நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு, கூப்பிடாமலே மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வீட்டுக்காரரைத் தூது அனுப்பினாள். அவர் கொண்டுவந்த பதிலை என்னிடம்தான் சொல்லிப் பொருமினாள்.

"நான் தைச்சது நல்லா இருக்குன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே வர்றேன்னு சொல்றாளாம். எவ்வளவு திமிரு பாரு!"

"சொல்லிட்டுப் போங்களேன்க்கா. வாய் தேஞ்சா போயிடும்?"

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லப் போறேன். பொய் சொல்லச் சொல்றியா?"

ஒரு வார்த்தை. அதைக் கொடுத்தால் தங்கச்சி வருவாள். கொடுக்க மாட்டாள், ஆனால் தங்கச்சி வேண்டும்.

இப்படி இருந்தபோதுதான் துணிச்சீட்டு வந்தது. விளையாடுகிற சீட்டு இருக்கிறதே, அந்த அளவுக்குத் துணியை வெட்டி, அதன் மேலே ஒட்டுத்துணியாலும் நூலாலும் குட்டியாக ஒரு படம் தைப்பது. நடுவில் விறைப்புக்காகக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் துணி, பின்னால் இன்னொரு துணி. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா ஒருத்தர் போனில் குழு நடத்துகிறார். எல்லோரும் ஆளுக்கு ஒன்று வருகிற மாதிரித் தைத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பிரித்து, எல்லோருடையதிலும் ஒவ்வொன்று நமக்குத் திருப்பி அனுப்புவார். சொந்தப் பெயர் கிடையாது. சீட்டின் பின்துணியில் பட்டப்பெயரைத் தைக்க வேண்டும். நான் 'பொட்டலம்'. பூனையாகத் தைத்துத் தள்ளுகிற ஒருத்தி 'பொத்தான்'. 'நத்தை' என்று ஒருத்தி, அதிகம் பேசமாட்டாள். சீட்டு வந்ததும் ஒவ்வொன்றைப் பற்றியும் குழுவில் இரண்டு வரி எழுதுவது மரியாதை.

நான் சாப்பாட்டு நேரத்தில் தைப்பதைப் பார்த்து இவளுக்குப் பொறுக்கவில்லை. இவள் குறை சொல்லாத ஒரு தையல் உலகத்தில் நடக்கலாமா? சேர்ந்துவிட்டாள். பட்டப்பெயர் கூட யோசிக்கவில்லை, 'செக்கிங்' என்றே போட்டுக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இவள் சீட்டு அழகாகத்தான் இருந்தது. ஓரம் கத்தி மாதிரி நேராக இருக்கும். எங்கள் சீட்டெல்லாம் ரெண்டு நாளில் துவண்டு போகும், இவளுடையது தகடு போல் விறைத்து நிற்கும். "என்ன கேன்வாஸ் வெக்கிறீங்க?" என்று குழுவே கேட்டது. "எல்லாம் கை வாகு" என்று பதில் போட்டாள். அலட்டலுக்குக் கேட்கவா வேண்டும்!

மற்றவர்கள் சீட்டு வரும்போது இவள் செய்வதைப் பார்க்க வேண்டுமே. உறையைக் கிழித்து, மேஜையில் கொட்டி, மேலாக ஒரு பார்வை. "த்சு." அவ்வளவுதான். எல்லாவற்றையும் அள்ளி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். திருப்பிக் கூடப் பார்க்க மாட்டாள். குழுவில் 'வந்தது' என்று எழுதுவாள், ஏதோ கொரியரில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஒரு முறை 'வீட்டில் இருப்பது' என்று தலைப்பு. நான் துணி காயப்போடுகிற கொடியில் ஒற்றை நீலக் காலுறை தொங்குவதைத் தைத்தேன். ஜோடி தொலைந்த காலுறை இல்லாத வீடு உண்டா? எத்தனை நாள் உட்கார்ந்து தைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, வௌவாலா?"

மனசார சபித்துக்கொண்டே சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு ஒரு நாள் குழுவில் நர்ஸம்மா ஒரு போட்டோ போட்டார். அவருக்கு வந்த செக்கிங் அக்காவின் சீட்டு ஒன்றைச் சீருடைப் பையில் வைத்திருந்தாராம். மறந்துபோய்ச் சீருடை ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போய்விட்டது. அங்கே துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். பசை விட்டு, தையல் பிரிந்து, சீட்டு வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. உள்ளே கேன்வாஸ் இல்லை. இன்னொரு சீட்டு இருந்தது.

வெந்து, சாயம் போய், முன்பக்கப் படம் என்னவென்றே தெரியவில்லை. ஆனால் பின்துணியில் நைலான் நூலில் தைத்த பட்டப்பெயர் மட்டும் அழியாமல் இருந்தது. 'நத்தை'.

இதுதான் கை வாகு! நாங்கள் அனுப்பியதையெல்லாம் இவள் தன் சீட்டுக்குள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். தடிமன் தெரியாமல் இருக்கப் பின்துணியை உரித்துவிட்டுத்தான் வைப்பாளாம். அந்த ஒன்றில் மட்டும் ஏதோ அவசரம், உரிக்காமல் விட்டுவிட்டாள். ஊரெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவள் தன் மேஜையில் ஒரு பீஸைக் கோட்டை விட்டாள்.

குழு கொதித்துவிட்டது. என்னிடம் இருந்த அவள் சீட்டு ஒன்றை அங்கேயே கத்தரியால் பிளந்தேன். உள்ளே பொத்தானின் பூனை, முதுகுத்துணி இல்லாமல். "என் பூனையைத் திணிப்புக்கு வெச்சாளா, விளங்குவாளா அவ?" என்று பொத்தான் கத்தினாள். ஆளுக்கொரு பக்கம் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நத்தை எழுதினாள். அவள் இவ்வளவு நீளமாக எழுதி நாங்கள் பார்த்ததில்லை.

"அந்தச் சீட்டு நான் தைச்சது. இந்த ஆஸ்பத்திரியில கிழிஞ்ச துணி தைக்கிற வேலைதான் பார்க்கிறேன், சலவையிலேர்ந்து அதை எடுத்ததும் நான்தான். செக்கிங் என் கூடப்பொறந்த அக்கா. நான் யாருன்னு தெரியாம, தையலை மட்டும் பார்த்து ஒரு வார்த்தை எழுதுவான்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் அனுப்பினேன். இப்ப பதில் வந்திருச்சு."

எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

அன்று செக்கிங் மேஜையில் சட்டைகள் குவிந்துவிட்டன. இவள் கையில் கத்தரி இருக்கிறது, கை ஓடவில்லை. எனக்கும் மடிக்க ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் போனேன்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?"

"என்னடி பெரிசா செஞ்சேன்? டப்பாவுல சும்மாதானே கெடந்துச்சு. கேன்வாஸை விட அது நல்லா நிக்குது." கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வேறு குரலில், "அவ எனக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கா" என்றாள்.

"ஆமா."

"நான் பார்க்கவே இல்ல."

"ஆமா."

ஆறுதல் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் திரும்பிப் போய் என் மேஜையில் நின்றுகொண்டேன்.

அடுத்த நாளே குழுவில் எழுதினாள்: என் சீட்டையெல்லாம் திருப்பி அனுப்பினால் ஆளுக்கொரு புதுச் சீட்டு தருகிறேன். உன் புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம் என்று வீசாத குறையாக அனுப்பிவைத்தார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தையல் பிரித்தாள். உள்ளே இருந்தவை எல்லாம் முதுகுத்துணி இல்லாத சீட்டுகள். எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

"போட்டோ எடுத்துக் குழுவுல போடுங்க. அவங்கவங்க தன்னோடதைச் சொல்லிடுவாங்க. மிச்சம் இருக்கிறது தங்கச்சியோடது" என்றேன்.

அப்படிப் பார்த்தாள் என்னை!

"ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுத்தவ நான். என் தங்கச்சி கை எனக்குத் தெரியாதா? அதெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட வரச் சொன்னாள். தனியாகப் போகப் பயம், அதைச் சொல்ல வாய் வரவில்லை, "நீயும் சும்மாதானே இருக்கே" என்றாள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மறைப்பானேன்?

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில், இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் ஒற்றை அறை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தையல் மெஷின், அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு மடித்து வைத்த படுக்கை விரிப்புகள். தங்கச்சி எழுந்து வாசலுக்கு வந்தாள். அக்காவைப் பார்த்தாள். வழியை மறித்த மாதிரி நிலைப்படியிலேயே நின்றாள்.

இவள் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்த ஒரு சீட்டைக் கையில் எடுத்தாள். பேசினாள், அப்படி ஒரு பேச்சை நான் அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"பார்த்தேன்டி. ஒவ்வொரு தையலா பார்த்தேன். இந்த வளைவு இருக்குல்ல, இங்க எல்லாரும் இழுத்துடுவாங்க, துணி சுருங்கிடும். நீ இழுக்கல. ஊசி உள்ள போன இடமும் வெளிய வந்த இடமும் ஒரே அளவு. நூலை முடிச்ச இடம் எங்கன்னு தேடித் தேடிப் பார்த்தேன், தெரியல. நல்லா இருக்கு. நான்கூட இப்படித் தைச்சதில்ல. ரொம்ப நல்லா இருக்கு."

பிறகு அவள் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

கொடி. கொடியில் ஒற்றை நீலக் காலுறை.

கடவுளே! வாயைத் திறக்கவா, மூடவா? தங்கச்சி அந்தச் சீட்டை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே பொட்டலம்?"

தலையாட்டினேன்.

"உள்ள வாங்க."

என்னைத்தான். என் பின்னாலேயே இவளும் நுழைந்தாள். மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் குழுவிலிருந்து வந்த சீட்டுகள் அத்தனையும் குண்டூசியால் குத்தி வரிசையாக இருந்தன. தங்கச்சி அதில் ஒன்றின் பக்கத்தில் கையை வைத்தாள். அதே கொடி, அதே காலுறை.

"இது இவங்க எல்லாருக்கும் அனுப்பினது. வந்த அன்னிக்கே நான் எழுதினேன், காலுறை காத்துல ஆடுற மாதிரியே இருக்குன்னு." அக்கா பக்கம் திரும்பினாள். "என்னோடது ஒண்ணும் இதுல இருக்கு. எதுன்னு சொல்லு."

இவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அட்டைக்குப் பக்கத்தில் போனாள். ஒரு நாளைக்கு அத்தனை சட்டைகளைப் புரட்டுகிற கண் அது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். விரலை ஒரு சீட்டுக்கு நேரே நீட்டினாள், மடக்கிக்கொண்டாள். இன்னொன்றுக்கு நேரே நீட்டினாள். அதையும் தொடவில்லை.

"தெரியல."

"சரி" என்றாள் தங்கச்சி. கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். காலுறைச் சீட்டை அக்கா கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டாள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்கள் படி இறங்கினோம்.

பஸ்ஸில் இவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சீட்டு கையிலேயே இருந்தது.

"இது உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா, குதிகால் கோணல்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த நிலைமையிலும் பேச்சைப் பார்! "கோணலாவா இருக்கு?" என்றேன்.

"இல்ல."

"பின்ன?"

"இல்லன்னுதான் சொல்றேன். கோணல் இல்ல. அவ காலர்லயும் இல்ல." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணுலகூட இல்லடி. நல்ல காலர்னு தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

நான் அவளைப் பார்த்தேன். பாவி! இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்தப் பெண் இத்தனை காலம் துணியை வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அந்த வாசலில் நின்றுவிட்டு வந்தோம். அங்கே கிடந்து புழுங்கிவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொல்கிறாள். எனக்கு எதற்கு அது?

"இதை அவகிட்டச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"வாய் வரல."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. நான் எழுந்து அவளுக்கு வழி விட்டேன்.

"இறங்குங்க. நடந்தே போயிடலாம். போய் இதை அப்படியே சொல்லுங்க."

பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். பாதி எழுந்தாள். முன் இருக்கைக் கம்பியைக்கூடப் பிடித்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவ வேலையா இருந்தாளே, பார்த்தல்ல" என்றாள். "இன்னொரு நாள் வரலாம்."

உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பியது. நான் என் சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு இருக்கை பார்த்துப் போய் உட்கார்ந்தேன்.